பூவாயி பேரில் ஒரு கிட்டார்

நாற்பத்தொரு நிமிடக் கிட்டாருக்கு மோனிகா கேட்ட விலை ஒரு படி மல்லாட்டை. அவித்தது. உப்பு கொஞ்சம் தூக்கலாக.

வேர்க்கடலைக்குச் செஞ்சிப் பக்கம் மல்லாட்டை என்று பேர். திருவண்ணாமலை ரோட்டில் 'தனகோட்டி மல்லாட்டை மண்டி' என்று போர்டு வைத்திருக்கிறவரின் மகனிடம் ஒரு படி மல்லாட்டை கேட்பது, மரக்காணத்து உப்பளக்காரரிடம் ஒரு சிட்டிகை உப்பு கேட்கிற மாதிரி. பார்த்திபன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். விற்கிறவர் தானாக விலையை இறக்கினால் பின்னாலேயே நிபந்தனை ஒன்று மூச்சிரைக்க ஓடி வருகிறது என்று அர்த்தம். மண்டியில் தவழ்ந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாமல் இருக்க நியாயமில்லை. ஆனால் கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவனுக்கு வியாபார புத்தி வேலை செய்வதில்லை.

நிபந்தனை வந்தது.

"வெட்டு, நறுக்கு, திருப்பிப் போட்டு வறுத்து எடு. உன் இஷ்டம்" என்றாள் மோனிகா, மூட்டை மேல் சம்மணம் போட்டுக்கொண்டு. "ஆனா முடிச்சிட்டு எனக்குப் போட்டுக் காட்டணும். கேக்கும்போது இது நான்தான்னு எனக்குத் தெரியணும். தெரியலன்னா நீ அத எங்கயும் போடக்கூடாது."

"நீ வாசிச்சது உனக்கே தெரியாமப் போயிடுமா?"

"போன தடவ உங்க நைனாவோட ஸ்கூட்டர வெட்டி ஒரு பாட்டு போட்டியே, அது ஸ்கூட்டர்னு அவருக்குத் தெரிஞ்சிதா?"

தெரியவில்லைதான். கிணற்று மோட்டாரில் காற்று புகுந்துவிட்டது, மெக்கானிக்கைக் கூப்பிடு என்றார்.

"சரி" என்றான் பார்த்திபன். "ஆனா அவிச்ச மல்லாட்டைக்குப் பச்சக்கா வேணும். இப்ப தை மாசம். இங்க இருக்கறதெல்லாம் காஞ்சது. பங்குனி வரணும்."

"நான் மாசியிலயே பறந்துடுவேன்டா."

"அப்ப கடன்."

"மண்டிக்காரன் பிள்ள எங்கிட்ட கடன் சொல்றான். கேட்டுக்கோங்க" என்று மூட்டைகளிடம் முறையிட்டுவிட்டு அவள் வாசிக்கத் தொடங்கினாள்.

மூட்டைகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. பார்த்திபன் பதிவுக்கு மண்டிக் குடோனைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். அறுவடை முடிந்து கூரை வரை மல்லாட்டை மூட்டை ஏறிவிட்டால் சத்தம் எங்கேயும் போய் முட்டித் திரும்புவதில்லை. கோணி குடித்துவிடும். சென்னையில் லட்சம் செலவழித்து சுவரெல்லாம் பஞ்சு ஒட்டுகிறார்கள். இங்கே நைனா செலவில், கண்ணியமான விலைக்கு விற்கவும் கூடிய பஞ்சு. மதியம் ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை தராசு தூங்கும், நைனா தூங்குவார், ரோடும் கண்ணைச் சொருகும். அந்த இரண்டு மணி நேரம்தான் பார்த்திபனின் ஸ்டூடியோ. ஆறு வருடமாக அதில் அவன் செய்கிற இசையைக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒன்று மோனிகா. இன்னொன்று, தவிர்க்க முடியாமல், நைனா.

மோனிகா பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. அவலூர்பேட்டைப் பஸ்ஸில் தினமும் வந்து இறங்கிப் படித்தவள். இப்போது டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாண்டிச்சேரியில் நர்சிங் படித்தபோது பழைய கிட்டார் ஒன்றை வாங்கித் தானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டாள். ராத்திரி டியூட்டியின் இடைவெளிகளில் ஜெர்மன் படித்து, அந்த நாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை வாங்கிவிட்டாள். ஊர்ப் பெயரைப் பார்த்திபன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். தொண்டையில் உமி மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கிட்டாரை விமானத்தில் கொண்டுபோகக் கட்டுப்படியாகாது என்று திண்டிவனத்தில் ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டாள். மறுநாள் காலையில் எடுத்துப் போக ஆள் வருவதாக இருந்தது. ஆகவே அந்த மதியம் எடுத்ததுதான் சரக்கு. அப்புறம் வராது.

அவனுக்கும் தேவை இருந்தது. பாண்டிச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டின் மாடியில், இந்த மாதிரி இசைக்கென்றே மாதம் ஒருமுறை நாற்பது பேர் கூடுகிறார்கள். மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஆறு வருடத்தில் முதன்முதலாக, மூட்டையல்லாத காதுகள்.

மோனிகா பெரிய விதுஷி இல்லை. ஹாஸ்டல் மொட்டை மாடியில் வாசித்துப் பழகிய நாலைந்து மெட்டுகள், அவற்றுக்கு நடுவே அலைச்சல். எஃப் என்று ஒரு பிடி உண்டு. ஆள்காட்டி விரலை எல்லாத் தந்திகளுக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டும். அது மட்டும் அவளுக்கு லேசில் படியாது. அது வருகிற இடத்துக்குச் சற்று முன்னால் குளத்தில் குதிக்கப் போகிறவள் மாதிரி மூச்சை இழுத்துப் பிடிப்பாள். பிடி தப்பினால் நாக்கால் "ச்ச" என்பாள். வளையல் மரத்தில் இடிக்கும். மறுபடி ஆரம்பம்.

அன்று ராத்திரி வரைக்கும்கூட அவனால் பொறுக்க முடியவில்லை. அவள் போனதுமே நறுக்க உட்கார்ந்தான்.

நறுக்குவது என்றால் இப்படி. நாற்பத்தொரு நிமிடத்தை லேப்டாப் திரையில் நீளமாக விரித்தால் ஒரு மலைத்தொடர் மாதிரி இருக்கும். அதைக் கால் நொடி, அரை நொடி, இரண்டு நொடி என்று துண்டு போட வேண்டும். ஒரு துண்டை எடுத்து நாற்பது மடங்கு இழுத்தால் தந்தி மறைந்துவிடும், அதன் பளபளப்பு மட்டும் மிஞ்சும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறைகள் மேல் பகல் பன்னிரண்டு மணிக்குக் காற்று நெளியுமே, அந்த நெளிவுக்குக் குரல் கொடுத்தது மாதிரி. இன்னொன்றைத் திருப்பி ஓட்டினால், ஒலி முதலில் வந்து அதற்கப்புறம் விரல் வரும். மூன்று துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து வைத்தால், உருண்டு விழாமல் ஆயிரம் வருடமாக மலை மேல் சாய்ந்தே நிற்கிற பாறைகள் மாதிரி அவை தங்களுக்குள் ஏதோ உடன்படிக்கை செய்துகொண்டு நிற்கும். ஹெட்போனுக்குள் உட்கார்ந்திருக்கையில் குடோன் மெதுவாக மிதக்கும். கூரை ஓட்டையிலிருந்து விழுகிற வெயில் கோலில் மல்லாட்டைத் தூசி ஏறி இறங்கும். எது தூசி, எது ஸ்வரம் என்று சில சமயம் அவனுக்கே பிடிபடாது.

அங்கேதான் அவன் ரத்தம் வேலை செய்தது. பிடிபடாமல் விடுவது மண்டிக்காரன் பிள்ளைக்கு ஆகாது.

தனகோட்டி மண்டியின் பெயரே சுத்தத்தில்தான் நிற்கிறது. எந்த ஊர்ச் சரக்கானாலும் சலித்து, கல் மண் பொறுக்கி, சொத்தை தள்ளி, அப்புறம்தான் தராசுக்குப் போகும். பார்த்திபனின் காதும் நாலு வயசிலிருந்து அந்தச் சல்லடையில்தான் பழகியது. ஆயிரத்து நூற்று நாற்பது துண்டுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டான். மணிமணியாக விழுந்த ஐந்நூற்று இருபத்தெட்டைத் தனியே எடுத்தான். விரல் தந்தியில் வழுக்கிய கீச்சு, வளையல் இடி, மூட்டை முனகல், ரோட்டு ஆரன், இருமல், மூச்சு, "ச்ச" என்று மிச்சம் அறுநூற்றுப் பன்னிரண்டு. அவற்றை ஒரு மூலையில் ஒதுக்கி, கை போன போக்கில் அந்த ஃபோல்டருக்குப் 'பூவாயி' என்று பேர் வைத்தான்.

அது மண்டி வழக்கம். பூவாயி அங்கே சலிக்கிறவள், புடைக்கிறவள், கூட்டுகிறவள். தராசிலிருந்தும் சல்லடையிலிருந்தும் கீழே விழுந்தது அவளுடையது. முதலாளி குனிந்து எடுக்கக் கூடாது. விழுந்தது முழுக்கொட்டையே ஆனாலும் சரி. தனகோட்டியின் நைனா காலத்துப் பேச்சு அது. இன்றுவரை அந்தத் தரையிலிருந்து ஒரு மல்லாட்டையை அந்தக் குடும்பத்தில் யாரும் பொறுக்கியதில்லை.

பிறகு நாற்பத்தொரு நிமிட மூலத்தை அழித்தான். லேப்டாப்பில் இடமில்லை. பாதி இடத்தை அக்கா கல்யாண வீடியோ அடைத்துக்கொண்டிருந்தது. அதில் கை வைத்தால் நைனா வீட்டுக்குள் விடமாட்டார். தவிரவும், பிரித்த குவியலை யார் திரும்ப ஒன்றாகக் கொட்டி வைப்பார்கள்?

மூன்று வாரத்தில் பாட்டு முடிந்தது. மேஜை ஸ்பீக்கரில் ஓட்டியபோது நைனா எழுந்து வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"இது நல்லாக்குதுடா. கல்லு மண்ணு இல்லாம சுத்தமாக்குது."

அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. பார்த்திபன் அன்றைக்கே பயந்திருக்க வேண்டும்.

மோனிகா டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்து மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். பதினைந்து நிமிடம். ஒலிகள் பனிக்கட்டி மாதிரி வந்தன, போயின. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிக் கைக்குட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். நர்ஸ் பழக்கம்.

"அழகா இருக்குது பார்த்தி."

"ஆனா?"

"யாரு வாசிச்சது?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"உண்மையா கேக்கறேன். நானும் தேடித் தேடிப் பாக்கறேன். ஆஸ்பத்திரியில செத்துப்போனவங்கள குளிப்பாட்டி, தல வாரி, பொட்டு வெச்சி வுடுவோம் தெரியுமா? வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டு, 'நல்லா பண்ணியிருக்கீங்க சிஸ்டர்'னு சொல்லிட்டு அப்புறம்தான் அழுவாங்க. அந்த மாதிரி இருக்குது."

"மோனி..."

"பேச்சு பேச்சுதான்டா. நான் அடுத்த வியாழக்கிழம கெளம்பறேன். அதுக்குள்ள நான் இதுல வந்தேன்னா போடு. வரலன்னா வேணாம். போற எடத்துல என் பேரையே அவங்களுக்குச் சொல்ல வராது. இங்கயாச்சும் நான் நானா இருந்துட்டுப் போறேன்."

எட்டு நாள் இருந்தது. கிட்டார் திண்டிவனத்தில். வேறு கிட்டார் கொண்டுவந்தால் அது வேறு மரம், வேறு மதியம். மூலம் அழிந்தது. இரண்டு நாள் பார்த்திபன் எடைச்சீட்டில் தப்புத் தப்பாக எழுதினான். ஒரு சீட்டில் மூட்டை எண்ணிக்கைக்குப் பதில் 'எஃப்' என்று எழுதி, அது மார்க்கெட் கமிட்டிக்குப் போய்த் திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் மதியம் தூசி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த ஃபோல்டர் ஞாபகம் வந்தது. திறக்கக் கையை வைத்தான். உடனே கையை எடுத்துவிட்டான். பேர் முறைத்துக்கொண்டு நின்றது. உலகத்தில் வேறு எவனாக இருந்தாலும் ஒரு சொடுக்கில் திறந்திருப்பான். இவன் எழுந்து வெளியே போனான்.

பூவாயி வாசல் நிழலில் முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். பார்த்திபனைவிட ஆறேழு வயசு மூத்தவள். வாய்க்கு இருபது மூத்தவள்.

"பூவாயிக்கா, உன்னுது கொஞ்சம் எங்கிட்ட இருக்குது."

"இன்னா?"

"மோனி வாசிச்சத சலிச்சேன். கீழ விழுந்தத உன் பேர்ல போட்டு வெச்சிருக்கேன். அறுநூத்திப் பன்னெண்டு. எனக்கு வேணும் இப்ப."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அவன் முகத்தில் கேலி இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. உடனே வியாபாரியாகிவிட்டாள்.

"என்னுதுன்னா நான் பாக்காம எப்டி குடுப்பேன்? கொண்டா அந்தக் காதுல மாட்றத."

ஹெட்போனை முக்காட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் ஒவ்வொன்றாக ஓட்டினான். கீச்சு. இடி. ஆரன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தெருவில் ஒரு ஆடு மண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, யாரும் விரட்டாத அதிசயத்தில் தயங்கி நின்றது.

"இந்தப் பொண்ணு இன்னாத்துக்கு இப்டி மூச்ச இழுக்குது? பயமா?"

"ஒரு பிடி இருக்குது. அது அவளுக்கு வராது. அதுக்கு முன்னாடி இழுப்பா."

"எத்தினி வாட்டி?"

எண்ணினான். பதினோரு முறை.

"பதினோரு வாட்டி வராததத் திரும்பத் திரும்பப் பண்ணுதா?" என்றாள் பூவாயி. "சரியான வீம்பு. இந்தா, இது இன்னா, 'ச்ச'ன்னு?"

"பிடி தப்பிச்சின்னா அப்டி சொல்வா."

"இது மட்டும் எனக்கு வேணும். எங்க வூட்டுக்காரரு போன் பண்ணா இதுதான் கேக்கணும். வெச்சிக் குடு. மீதிய நீ எடுத்துக்கோ."

பேரம் படிந்தது. 'ச்ச' அவள் போனுக்குப் போனது. கொடுத்த பின்னும் அது இவனிடம் முழுசாக இருந்தது. கொடுத்தால் குறையாத சரக்கை என்னவென்று கணக்கெழுதுவது என்று பார்த்திபனுக்குக் கொஞ்சம் கிறுகிறுத்தது.

அடுத்த ஐந்து மதியங்கள் அவன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியவன் மாதிரி வேலை செய்தான். கீச்சுகளை இழுத்தான், அவை செட்டிக் குளத்துத் தண்ணீரில் தாழப் பறக்கிற பறவைகளின் நிழல்களாயின. வளையல் இடியை நூறு முறை தூவினான். எங்கோ தூரத்தில் மழை ஆரம்பித்தது. மூட்டை முனகலைக் கீழே ஆழத்தில் வைத்தான், மலை புரண்டு படுத்தது. ரோட்டு ஆரன் ஒன்றைப் பாதி வேகத்தில் விட்டதும் அது யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டது. யாரை என்றுதான் கேட்கவில்லை. சுத்தமான குவியலிலிருந்து பன்னிரண்டே பன்னிரண்டு ஸ்வரம் எடுத்து, உப்பு போடுகிற மாதிரிப் போட்டான். நடுவில் அந்தப் பதினோரு மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கு முன்னாலும் எல்லாச் சத்தமும் ஒதுங்கி வழிவிடும். மூச்சு இழுக்கும். பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் வர வேண்டிய எஃப் வராது. கண்ணுக்குத் தெரியாத படி ஒன்றில் கால் வைத்த மாதிரிப் பாட்டு அந்தரத்தில் நின்று, பிறகு மெதுவாக இறங்கும்.

அதே ஐந்து நாளில் எண்ணெய் மில்லுக்காரர்கள் லாரி லாரியாகச் சரக்கை ஏற்றிக்கொண்டு போனார்கள். புதன்கிழமை மதியம் மோனிகா வந்தபோது குடோனில் ஒரு மூட்டைகூட இல்லை. பூவாயி கடைசித் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா, மொட்டையா இருக்குது?" என்றாள் மோனிகா. "டையா இருக்குது" என்று சுவர் திருப்பிச் சொன்னது. அவள் திடுக்கிட்டுச் சிரித்தாள். சுவரும் சிரித்தது.

ஹெட்போன் வேண்டாம் என்றாள். ஸ்பீக்கரைத் தரையில் வைத்தான். சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தாள். விடிகாலை நாலு மணிக்குக் கார். பெட்டி கட்டியாகிவிட்டது. நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள்.

பாட்டு தொடங்கியது. மூட்டை இல்லாத குடோன் முதன்முதலாகப் பதில் பேசியது. கீச்சுகள் கூரைக்குப் போய் அங்கேயே கொஞ்ச நேரம் சுற்றின. தூரத்து மழை சுவரோரமாக நடந்து வந்தது. பூவாயியின் விளக்குமாறு நின்றுவிட்டது. பார்த்திபன் மோனிகாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பேரம் நடக்கும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும் என்பது நைனாவின் கட்டளை. கையைப் பார்த்தான்.

அது மடியில் கிடந்தது. மூன்று நிமிடம். நாலு நிமிடம். எல்லாச் சத்தமும் ஒதுங்கியது. முதல் மூச்சு இழுத்தது.

அவள் இடது கை எழுந்தது. அவளைக் கேட்காமலே. ஆள்காட்டி விரல் நீண்டு, இல்லாத தந்திகளுக்குக் குறுக்கே துப்பட்டா மேல் படுத்தது. மற்ற விரல்கள் வளைந்தன. அழுத்தினாள். எஃப் வரவில்லை. வெறும் குடோன்தான் கேட்டது.

"ச்ச" என்றாள் மோனிகா. ஸ்பீக்கரும் அதே நேரத்தில் "ச்ச" என்றது. சுவரும்.

பூவாயி அவசரமாக இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள்.

மிச்சப் பத்து மூச்சுக்கும் அந்தக் கை போய்ப் போய் அழுத்தியது. ஏழாவதில் அவள் சிரித்தாள். ஒன்பதாவதில் துப்பட்டாவின் மறு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாட்டு நின்ற பிறகும் குடோன் கொஞ்ச நேரம் வைத்திருந்து, மனசில்லாமல் விட்டது.

"அந்தப் பாழாப்போன எஃப்" என்றாள் மோனிகா. "நான்தான்டா அது. வேற யாரு இத்தன வாட்டி வுழுவாங்க? போடு. பாண்டியில போடு, எங்க வேணா போடு."

"எஃப் வெச்சிருக்கலாம். ஒண்ணு ரெண்டு எடத்துல உனக்கு நல்லா வந்துதான் இருந்துச்சு."

"வெச்சிருந்தீன்னா வேணாம்னு சொல்லியிருப்பேன்." எழுந்து சுடிதாரில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "எல்லாம் சரி, என் மல்லாட்ட எங்க?"

"பங்குனின்னு சொன்னேனே."

"பத்து வருஷம் கழிச்சிப் பங்குனியில வந்தாலும் கேப்பேன்."

"கேளு."

அவள் போனாள். அவலூர்பேட்டை பஸ் ஆரன் அடித்தது. யாரைக் கூப்பிடுகிறது என்று இந்தத் தடவை அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. பூவாயி கடைசியாக வாரிய பிடி மல்லாட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள். பார்த்திபன் ஒரு பழைய எடைச்சீட்டைத் திருப்பிப் போட்டு எழுதினான்.

வரவு, மோனிகாவிடமிருந்து: துண்டு 1140.
பாட்டுக்குப் போனது, சுத்தத்தில் 12, கீழே விழுந்ததில் 305: ஆக 317.
பூவாயிக்கு: 1. குறையவில்லை.
கையிருப்பு: 823.
எஃப்: இல்லை.
பாக்கி: அவித்த மல்லாட்டை, ஒரு படி. உப்பு தூக்கலாக.